மூன்றாம் பீரியடில் இங்கிலாந்து

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்த மூன்றாம் நாள் பக்கத்து வகுப்பில் ஒரு கொலை நடந்தது.

ஏழாம் தரத்துக்குப் பின்னக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் சுவர் கிடையாது, பிளைவுட் தட்டிதான். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

“மண்டி போட்டிருக்காங்க. கண்ணக் கட்டியாச்சு. வெட்டுறவன் கத்திய வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான், அவங்க பாத்தா பயந்துருவாங்கன்னு. இப்ப குனிஞ்சு எடுக்கிறான். யாரும் மூச்சு விடாதீங்க, அவங்களுக்குக் கேக்கும். இப்போ…”

முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அலறினார்கள். என் கையிலிருந்த சோக் கீழே விழுந்தது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். பாதிப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி விம்மிக்கொண்டிருந்தாள். மேசைக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஒரு டீச்சர். சேலைக்கு மேல் கருஞ்சிவப்பு ஸ்வெட்டர், முழங்கையில் குடை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“என்ன சேர்?”

“சத்தம் கேட்டுச்சு… யாருக்கு என்ன…”

“ராணிய வெட்டிட்டாங்க. நின்னு பாக்கிறதுன்னா கதவச் சாத்திட்டு நில்லுங்க. ராஜா அந்தப் பக்கம் அடுத்த கல்யாணத்துக்கு ரெடியாகிக்கிட்டு இருக்காரு, எங்களுக்கு நேரமில்ல.”

நான் கதவைச் சாத்திவிட்டு என் பின்னங்களிடம் திரும்பினேன். அன்று முழுவதும் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. அந்த ராணி செத்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது என்பது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில், திம்புள்ளப் பக்கம் ஒரு சின்ன டவுனில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். இங்கிலிஷ் மீடியம், லண்டன் பாடத்திட்டம், கழுத்தில் டை. கடைக்காரர்களின் பிள்ளைகள், தோட்டத்து உத்தியோகத்தர்களின் பிள்ளைகள், அம்மாவை குவைத்துக்கு அனுப்பிவிட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து டை கட்டிக்கொண்டு இறங்கி வரும் பிள்ளைகள் என்று எல்லாரும் படித்தார்கள். பதினொரு பன்னிரண்டு வயதில் அவர்கள் இங்கிலாந்தின் சரித்திரத்தைப் படித்தாக வேண்டும். நார்மன்காரர்கள் கடல் தாண்டி வருவதில் தொடங்கி, ஒரு ராஜாவின் தலையை அவருடைய சொந்தப் பாராளுமன்றமே வெட்டுகிற வரைக்கும். தேயிலைக்கு நடுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தோன்றியதுண்டு. வாயைத் திறந்து கேட்டதில்லை. எனக்கு எப்போதுமே வாயை மூடிக்கொண்டிருப்பது நன்றாக வரும்.

டீச்சரிடம் இறந்தகாலம் என்ற ஒன்றே கிடையாது. அவருடைய வகுப்பில் எல்லாம் இப்போது நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை எழுந்து, “அந்தக் காலத்தில வில்லியம்னு ஒரு ராஜா இருந்தாரு” என்று ஆரம்பித்தால் ஈ ஓட்டுவது மாதிரி கையை ஆட்டுவார்.

“எந்தக் காலத்தில? நீ அங்க நிக்கிற. கடலப் பாரு. என்ன தெரியுது?”

“கப்பல் டீச்சர்.”

“எத்தன?”

“எண்ண முடியல டீச்சர்.”

“குதிர எறங்குதா?”

“எறங்குது. ஒரு குதிர பலகையில வழுக்குது டீச்சர்.”

“ஆங். அந்த வழுக்குன குதிர எந்தப் பொஸ்தகத்திலயும் இல்ல. அதுதான் ஒனக்கு மார்க்கு. ஒக்காரு.”

நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் கேட்பேன். என் வகுப்புப் பிள்ளைகளும் பின்னத்தை விட்டுவிட்டுக் கேட்பார்கள். நானும் அதட்டியதில்லை. குதிரைக்கு அடிபட்டதா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

கட்டுரை எழுதச் சொன்னால் முதலில் தமிழில் எழுத வேண்டும், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில். பிறகுதான் இங்கிலிஷ். “இங்கிலிஷ்ல ஆரம்பிச்சா பொஸ்தகம்தான் வரும். வீட்டுப் பேச்சில எழுது, நீ வருவே” என்பார். அதனால் இங்கிலாந்தின் பிரபுக்கள் எல்லாரும் எங்கள் எட்டாம் தரத்தில் துரைமார் ஆனார்கள். ராஜா பெரிய துரை, தோட்டத்து மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேலைக்காரர்களை மேய்க்கிறவர் கங்காணி. வில்லியம் தன் ஆட்களை அனுப்பி ஊர் ஊராக மாடு எத்தனை, பன்றி எத்தனை, கலப்பை எத்தனை என்று எழுதி வாங்கிய அந்தப் பெரிய ஏட்டைப் பிள்ளைகள் செக்ரோல் என்றார்கள். தோட்டத்தில் ஆட்களின் பெயர் பதிகிற புத்தகத்துக்கு அதுதான் பெயர். “அதேதான்” என்றார் டீச்சர்.

துரையின் மண்ணோடு கட்டிப்போடப்பட்ட குடியானவனுக்கு அந்தக் காலத்து இங்கிலிஷில் ‘வில்லன்’ என்று பெயர். அதை அவர் பலகையில் எழுதிய அன்று வகுப்பே குலுங்கியது. மேசையைத் தட்டி, மீசை முறுக்கி, சினிமாவில் வருகிற அத்தனை வில்லன்களும் எழுந்து வந்துவிட்டார்கள். டீச்சர் சிரிப்பு ஓயும் வரைக்கும் காத்திருந்தார்.

“அந்த மனுசன் தொரையோட மண்ண விட்டு வெளியில கால் வைக்க முடியாது. மகளக் கட்டிக் குடுக்கணும்னாலும் தொரகிட்டக் கேக்கணும். அப்புறம் அந்தப் பேரையே எடுத்துக் கெட்டவனுக்கு வச்சிட்டாங்க. சிரிச்சு முடிச்சாச்சா?”

தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு லயத்தில் செத்துப்போன என் தாத்தா ஞாபகம் வந்தார். எனக்கு ஏன் அந்த ஞாபகத்தைக் கொண்டுவந்தார் என்று டீச்சர் மேல் கோபம்தான் வந்தது.

பிளேக் நோய் பாடம் நடந்த வாரம் இன்னும் மோசம். வரிசையாக எண்ணி, மூன்றாவது மூன்றாவதாக வந்த பிள்ளைகளை எழுப்பிப் பையை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போகச் சொன்னார். பிறகு இடாப்பை எடுத்து நிதானமாகப் பெயர் கூப்பிட்டார். வெளியே போனவர்களின் பெயர் வரும்போது கொஞ்ச நேரம் நிறுத்தி, அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டு, அடுத்த பெயருக்குப் போனார். ஒருவரும் ‘பிரசன்ட்’ சொல்லாத அந்த இடைவெளி ஒவ்வொரு முறை வந்தபோதும் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த நான் என் பிள்ளைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஒரு பையன் தன் பக்கத்துச் சிநேகிதனின் பையைக் கட்டிப்பிடித்து அழுதான்.

அடுத்த நாள் ஒரு தாய் வந்து சண்டை போட்டார். பிரின்சிபல் டீச்சரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் ஏதோ கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தேன்.

“டீச்சர், செத்தவங்களச் செத்தவங்களாவே விடுங்க. சின்னப் பிள்ளைங்க.”

“அவங்க செத்துட்டாங்கன்னு ஒங்களுக்கு யாரு சேர் சொன்னது?” என்றார் டீச்சர்.

பிரின்சிபல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டீச்சர் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று அன்று நாங்கள் இருவரும் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்தோம்.

இத்தனைக்கும் அவர் கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. லிந்துலையிலிருந்து பஸ்ஸில் வருவார். மத்தியானம் தனியாக உட்கார்ந்து கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பார். ஒரு கடை முதலாளி பெற்றோர் கூட்டத்தில், “டீச்சர் லண்டன்ல இருந்தீங்களோ?” என்று கேட்டார். “தெனமும் மூணாம் பீரியட் அங்கதான் இருக்கேன். நாலாம் பீரியடுக்குத் திரும்பிருவேன்” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எட்டாம் தரத்தில் தர்ஷினி என்று ஒரு பெண் இருந்தாள். பன்னிரண்டு வயது. அம்மா குவைத்தில். அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுகிற வேலை அது, அதற்கென்று கனத்த கத்தி உண்டு. தர்ஷினி வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். ஆனால் அந்த வழுக்கின குதிரை அவளுடையது.

அந்த வாரம் பாடம் குடியானவர்களின் கலகம். தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் போட்டு, தாங்க முடியாமல் இங்கிலாந்தின் குடியானவர்கள் கத்தியும் கோடாரியுமாக லண்டனுக்கு நடக்கிறார்கள். வழியெல்லாம் தங்கள் பெயர் எழுதிய ஏடுகளை எரிக்கிறார்கள். கோட்டைக்குள் புகுந்து, கோயிலில் இருந்த பிரதான மந்திரியை இழுத்து வந்து வெட்டுகிறார்கள். அந்த மந்திரிக்கு எட்டாம் தரம் வைத்த பெயர் பெரிய கிளாக்கர், தோட்டத்து ஆபீசின் தலைமை கிளார்க். ராஜாவை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ராஜாவுக்குப் பதினாலு வயதுதான். பொடியன் நல்லவன், கூட இருக்கிறவர்கள்தான் மோசம் என்று நம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் நீயும் நிற்கிறாய், என்ன தெரிகிறது, எழுதிக்கொண்டு வா என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

தர்ஷினி வழக்கம்போல் முதலில் தமிழில் எழுதினாள். இங்கிலிஷில் மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தாளைக் காணவில்லை. காலையில் இருட்டோடு வேலைக்குக் கிளம்பிய அப்பா அதில்தான் ரொட்டியையும் சம்பலையும் சுற்றிக்கொண்டு போயிருந்தார். மலையில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டுத் தாளைப் போட்டுவிட்டார். அது கண்டாக்கையாவின் கண்ணில் பட்டது. வேலையை மேற்பார்க்கிற அந்த மனுஷர் குனிந்து எடுத்துப் படித்தார், போனில் படம் எடுத்தார், தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு அனுப்பிவிட்டுத் துரையின் பங்களாவுக்கு ஓடினார். அன்று பன்னிரண்டாம் தேதி.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் தர்ஷினி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். டை இல்லை. தலை வாரவில்லை.

“டீச்சர், அப்பாவ பொலிஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. நேத்துப் பின்னேரம். என்னோட கட்டுரையாலயாம்.”

டீச்சர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைக்க மேசையைத் தேடினார், மேசை அவர் முன்னாலேயே இருந்தது. அவர் தடுமாறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சேர், ஒங்களுக்கு சிங்களம் நல்லா வரும்ல?”

வரும். நான் நோட்டன் பிரிட்ஜில் சிங்களப் பிள்ளைகளோடு கிரிக்கெட் அடித்து வளர்ந்தவன். வராது என்று சொல்லியிருக்கலாம் என்று படிக்கட்டில் இறங்கும்போது நினைத்தேன். “டீச்சர், ஸ்கூல் பேரு பொலிஸ்ல போகக் கூடாது” என்று பிரின்சிபல் மேலே நின்று கத்தினார். டீச்சர் குடையை விரித்துப் பிள்ளைக்குப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார்.

பொலிஸ் ஸ்டேஷனில் ஒரு நீள மர வாங்கில் அப்பா உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. மகளைப் பார்த்ததும் எழப்போனார், பிறகு பயந்து உட்கார்ந்துவிட்டார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் அன்று லீவு. ஸ்டேஷன் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. என்னை உட்காரச் சொல்லி, மேசையில் கண்ணாடி பேப்பர் வெயிட்டுக்குக் கீழே இருந்த தாளை என் பக்கம் தள்ளினார். எண்ணெய் ஊறிப் பாதி கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, கீழ்ப்பக்கம் கிழிந்துபோயிருந்தது. பென்சில் எழுத்து.

“நாளைக்கு வெள்ளன எல்லா லயத்தில இருந்தும் கெளம்புறோம். யாரும் வேலைக்குப் போகல. அப்பா கவ்வாத்துக் கத்தியத் தீட்டுறாரு. ஆபீசுக்குள்ள பூந்து எங்க பேரு இருக்கிற செக்ரோல் எல்லாத்தையும் எரிக்கிறோம். பொஸ்தகம் எரியிறப்ப மொதல்ல அட்டதான் சுருளுது. பெரிய கிளாக்கரு கோயிலுக்குள்ள ஒளிஞ்சிருக்காரு. அவரு தலைய வெட்டுறோம். பெரிய தொரைக்குப் பதினாலு”

அதோடு கிழிந்திருந்தது. ‘வயசு’ என்ற சொல் மலையில் எங்கோ ரொட்டித் துண்டோடு கிடந்தது.

தோட்டத்தில் இரண்டு வாரமாகக் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டியதைப் பற்றிச் சண்டை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில், அதிகமாகச் சத்தம் போட்டவர் இந்த அப்பா. தோட்டத்துப் பெரிய கிளாக்கர்தான் தோட்டத்துக் கோயிலுக்கும் தலைவர். அவர் நேற்றிலிருந்து வீட்டை உள்ளே பூட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லையாம். உள்ளே இருந்தபடியே பொலிசுக்குத் தாளைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தது மட்டும் அவர்தான். பெரிய துரைக்குப் பதினாலாம் தேதி என்று தெளிவாக எழுதியிருந்தார். பதினாலு மறுநாள்.

டீச்சர் பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்து, கோட்டையும் கூட்டமும் இருக்கிற படத்தை விரித்து வைத்தார்.

“இது இங்கிலாந்துன்னு சொல்லுங்க சேர். பெரிய தொரன்னா ராஜா. ராஜாவுக்குப் பதினாலு வயசு. பிள்ள அங்க நிக்கிறா.”

சொன்னேன். ஓ.ஐ.சி. படத்தைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, கவனமாகத்தான் பார்த்தார்.

“இங்கிலாந்தில் லயம் இருந்ததா? பெரிய கிளாக்கர் இருந்தாரா?”

“இருக்காரு” என்றார் டீச்சர்.

சிங்களத்தில் ‘இன்னவா’ என்று சொல்ல வேண்டும். நான் ‘ஹிட்டியா’, இருந்தார், என்று மாற்றிச் சொன்னேன். டீச்சர் கவனிக்கவில்லை. தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஓ.ஐ.சி. தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். புத்தகம் எரியும்போது முதலில் அட்டைதான் சுருள்கிறது என்ற வரி. அவர் சொன்னது இதுதான்: பாடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதை எழுதாது. இது நேரில் பார்த்த ஆள் சொன்னது. யாரோ பெரியவர் சொல்லி இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது. டீச்சர் சொன்னதென்றால் அது ஸ்கூல் விஷயம், நான் ஏன் தலையிடுகிறேன்? தகப்பன் சொன்னதென்றால் இன்றைக்கே கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வாங்கில் இருந்த அப்பாவின் வெறும் காலைப் பார்த்தார். பிறகு தர்ஷினியைப் பார்த்தார்.

“நான் சொல்லித்தான் எழுதினான்னு சொல்லுங்க.”

“டீச்சர்…”

“ஒவ்வொரு வரியும் நான்தான் சொன்னேன். பிள்ள கேட்டு எழுதினா, அவ்வளவுதான். சொல்லுங்க சேர்.”

இடி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஒரு பிள்ளையின் வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த மாட்டாத பெண் அவர். ‘நீ என்ன பாக்கிற, நீ சொல்லு’ என்று இத்தனை வருஷம் மல்லுக்கு நின்ற பெண். அந்தத் தாளில் இருந்ததிலேயே நல்ல வரியை, அவருடைய வகுப்பில் இதுவரை எந்தப் பிள்ளையும் எழுதாத வரியை, கண்ணெதிரே எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறார். நான் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் தர்ஷினி எழுந்துவிட்டாள்.

“இல்ல! டீச்சர் சொல்லல. அப்பாவும் சொல்லல. நானாத்தான் எழுதினேன். நான் அங்க நின்னேன். அட்ட சுருண்டத நான்தான் பாத்தேன்!”

அழவில்லை. கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது. வாங்கிலிருந்து அப்பா, “பேசாத புள்ள, பேசாத” என்று கெஞ்சினார்.

“லமயா மொகத கியன்னே?” என்று கேட்டார் ஓ.ஐ.சி. பிள்ளை என்ன சொல்கிறது?

டீச்சர் என்னைப் பார்த்தார். பிள்ளையும் பார்த்தாள். நான் ஓ.ஐ.சி.யிடம் சொன்னேன்: “ஆமாம், எல்லாம் டீச்சர்தான் சொல்லித் தந்தார் என்கிறாள்.”

ஒரு பொய்யை அவ்வளவு சுத்தமான சிங்களத்தில், அவ்வளவு சுலபமாக என்னால் சொல்ல முடியும் என்று எனக்கே தெரியாது. தர்ஷினிக்கு ஒரு சொல் விடாமல் விளங்கிவிட்டது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யார் கேட்டதற்கும் வாயைத் திறக்கவில்லை.

வாக்குமூலம் எழுதினார்கள். டீச்சர் கையெழுத்துப் போட்டார். எண்ணெய்த் தாளை அதோடு சேர்த்துக் குத்தி ஃபைலில் வைத்தார்கள். அப்பாவை விட்டுவிட்டார்கள். ஓ.ஐ.சி. எங்கள் முன்னாலேயே பிரின்சிபலுக்குப் போன் பண்ணி, உங்கள் டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன எழுதக் கொடுக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வைத்துவிட்டு, போகிறவர்களை நிறுத்தி, அந்தப் பதினாலு வயது ராஜா பிறகு என்ன செய்கிறான் என்று கேட்டார்.

“நாளைக்கு மூணாம் பீரியட் நடக்கும், வரச் சொல்லுங்க” என்றார் டீச்சர். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வெளியில் தூறிக்கொண்டிருந்தது. அப்பா பயம் தெளியாமல் நான்கு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பஸ் நிற்கும் இடத்தில் டீச்சர் நின்றார்.

“பொய் சொன்னேன்” என்றார் தர்ஷினியிடம். “ஒங்கப்பா வெளியில வரணும்னு ஒன்னோட கட்டுரைய எடுத்துக்கிட்டேன். ஒன்னக் கேக்காமலே எடுத்துக்கிட்டேன். அது ஒன்னோடதுதான். நான் அப்பிடி ஒரு வரி எழுதினதே இல்ல.”

தர்ஷினி தலையைத் தூக்கவில்லை. அப்பா திரும்பி வந்து, டீச்சரின் காலைத் தொடப்போனார். டீச்சர் பின்னால் நகர்ந்துகொண்டார். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு என்னிடம் சொன்னார்.

“இப்ப அந்த மனுசன்கிட்டச் சொன்னா பயத்தில பிள்ளைய அடிச்சாலும் அடிச்சிருவாரு. கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் நீங்க சொல்லணும் சேர், அது பிள்ள எழுதினதுன்னு. அவரு தெரிஞ்சுக்கணும். நான் இனிமே இங்க இருக்க மாட்டேன்.”

“சொல்றேன் டீச்சர்” என்றேன்.

“மறந்துர மாட்டீங்களே?”

“சத்தியமா.”

அன்று பின்னேரமே பிரின்சிபல் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். டீச்சர் அதை ஒரு தடவை படித்தார், மடித்துக் கைப்பையில் வைத்தார், பாதியில் நின்ற தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். லிந்துலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பதாகக் கொஞ்ச நாள் கேள்விப்பட்டேன். பிறகு அதுவும் இல்லை. நான் தேடிப் போகவில்லை. போயிருக்கலாம், ஒரே பஸ்தான்.

மூன்றாம் பீரியடை என் தலையில் கட்டினார்கள். புத்தகத்தில் உள்ளதை மட்டும் வாசித்தால் போதும் என்று உத்தரவு. வாசித்தேன். குடியானவர்களுக்குக் கொடுத்த வாக்கை ராஜா காப்பாற்றவில்லை, தலைவன் கொல்லப்பட்டான், கூட்டம் கலைந்தது. எல்லாம் இறந்தகாலத்தில் இருந்தது. பிள்ளைகள் அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள். குதிரை வழுக்கியதா என்று யாரும் கேட்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஏழாம் தரத்துப் பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, தவணை முடிந்து ரிப்போர்ட் கொடுக்கிற நாளில் தர்ஷினியின் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. கையில் ஒரு பார்சல் தேயிலைத்தூள். கூடவே தர்ஷினி.

“நீங்க மட்டும் அன்னைக்கு இல்லாட்டி சேர், நான் உள்ளதான்” என்றார். பார்சலை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்த டீச்சரம்மாவும் நல்ல மனுசிதான். என்னத்துக்கு இந்த மாதிரி எல்லாம் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தாங்களோ. இது பாருங்க சேர், இன்னும் தான்தான் எழுதினேன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. இதுக்குச் சொந்தமா அப்பிடி எல்லாம் எழுத வருமா?”

தர்ஷினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொலிஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். வாயைத் திறந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம். பொலிஸ் இல்லை, கோர்ட் இல்லை, அடிக்கப்போகிற அப்பாவும் இல்லை, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற மனுஷர். ஆனால் பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பிரின்சிபலின் குரல் கேட்டது. அந்தப் பழைய கதையை மறுபடி ஏன் கிளற வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது.

“அது எப்பிடிங்க வரும்” என்றேன். “சின்னப் பிள்ளதானே.”

அப்பா சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். தர்ஷினியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் அப்படித்தான் சொல்வேன் என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

“போலாம்ப்பா” என்றாள். “பஸ் வந்துரும்.”